கழுத்தளவுத் தண்ணீர்

ஆவணம்பட்டு காலனியில் நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் யாரும் ரொம்ப யோசிக்க மாட்டார்கள். நேராக வந்து சவுரியம்மாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் மலை கண்ணில் படுகிற தூரத்துக்குள் எந்தக் கழனியாக இருந்தாலும் சரி, முதல் நாள் சொன்னால் மறுநாள் காலையில் பெண்களைத் திரட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். கூலியில் கை வைக்கப் பார்க்கிற ஆளை வரப்பிலேயே நிறுத்தி அவள் கேட்கிற கேள்வியில், அடுத்த வருஷம் அவர் மூச்சு விடமாட்டார். அந்த வாய்க்குப் பயந்து பாதிப் பேர், அதை நம்பிப் பாதிப் பேர் என்று காலனியே அவள் பின்னால் நின்றது.

அந்த வாய்தான் கடைசியில் அவளுடைய நிலத்தையும் முழுங்கியது. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது இதுதான்.

நிலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, அரைக் காணி. அவளும் புருஷன் சவரிநாதனும் ஊரான் கழனியில் குனிந்து குனிந்து சேர்த்ததில் வாங்கியது. மேட்டுக் கழனியைக் காலனி ஆளுக்கு விற்க இந்த ஊரில் எவருக்கும் மனசு வராது. நரியோடை ஓரத்துப் பள்ளத்து வெளியை மட்டும் தாராளமாக விற்றார்கள். அது தாராளம் அல்ல, தள்ளிவிட்டது. ஓடை தூர்ந்து கிடந்ததால், ஐப்பசி பிறந்தால் மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் பள்ளத்தில் நிற்கும். சம்பா போட்டால் அழுகும். தை பிறந்து தண்ணீர் வற்றிய பிறகு நவரைப் பட்டத்தில் ஒரு போகம் எடுக்கலாம், அது முடிந்தால் கொஞ்சம் கேப்பை. சவரிநாதன் ஒவ்வொரு வருஷமும் பிடிவாதமாகச் சம்பா போட்டார். தன் நிலத்துச் சம்பாவை ஒரு தடவைகூட முழுசாக அறுக்காமல் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு அந்தப் பிடிவாதம் சவுரியம்மாளுக்கு வந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்ம பள்ளத்தில் சம்பா அறுத்துக் காட்டணும். சென்னையில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிற மகன் மரிய அருண் போன் பண்ணும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாள்.

இங்கே இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவள் செய்தது புரியாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் பயிர்ச்சேதம் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டார். சவுரியம்மாள் உள்ளது உள்ளபடி, "முட்டிக்கால் தண்ணி சார், வடியறதுக்குள்ள பயிர் அழுவிப் போச்சி" என்றாள். அவர் குறித்துக்கொண்டு போனார். நிவாரணம் வந்தபோது ஆவணம்பட்டு காலனிக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரில் மார்பளவு என்று சொன்னவர்களுக்கு வந்தது. அவர்கள் ஊரில் கோழிகூட நனையவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மை பேசியவள் என்று சவுரியம்மாளைத்தான் காலனியே காறித் துப்பாத குறையாகத் திட்டியது. அன்றைக்குப் படித்த பாடம். அதற்குப் பிறகு எந்த வெள்ளம் வந்தாலும் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்தால் அவளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைப்பாள். முட்டிக்கால் என்றால் இடுப்பு, இடுப்பு என்றால் கழுத்து. காலனியில் இது பொய்க் கணக்கில் சேராது. சந்தையில் விலை சொல்லும்போது கொஞ்சம் ஏற்றிச் சொல்வதுபோல, எப்படியும் அவர்கள் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அப்புறம் அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. விழுப்புரம் ஜில்லாவே தண்ணீரில் நின்ற புயல். பள்ளத்து வெளியில் இடுப்பளவு நின்றது, மேட்டுக் கழனியிலும் நின்றது. கதிர் வரும் சமயத்தில் இருந்த சம்பா மொத்தமும் நாறிப்போனது. காலனியில் ஓரத்துக் குடிசைகள் சரிந்தன. வீடுகளுக்கு நிவாரணம் வந்தது, பயிருக்கும் ஏதோ வந்தது. அந்தத் தடவையும் எல்லோரும் கழுத்து என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஓடைக்கரையில் இருக்கிற சின்னக் கோயிலான அந்தோணியார் குருசடியின் சுவரில், சரியாக இடுப்பு உயரத்தில், சேற்றுக்கோடு ஒன்று சுற்றிலும் படிந்திருந்தது. அதைவிடச் சுத்தமான அளவு வேறெங்கும் கிடைக்காது. கிறிஸ்துமஸ் வந்தது. சாமி இருக்கிற இடத்தில் சேறு இருக்கலாமா என்று சவுரியம்மாளும் பெண்களும் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள். குருசடி பளிச்சென்று ஆனது.

மாசி மாதத்தில் ஆபீஸ் ஜீப் ஒன்று வந்தது. மூன்று காலில் நிற்கிற கருவி, உயரமான அளவுகோல், சிவப்புப் பெயின்ட் டப்பா, கூட நாலைந்து ஆட்கள். வந்த இன்ஜினீயர் இளவரசி என்று சின்ன வயசுப் பெண். கண்டாச்சிபுரம் பக்கம், விவசாயக் குடும்பம். வெயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்த விதத்திலேயே சவுரியம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போனது.

இளவரசி குருசடி நிழலில் எல்லோரையும் உட்காரவைத்துத் தெளிவாகத்தான் சொன்னாள். "இது நிவாரணக் கணக்கு இல்லைங்க. நரியோடையத் தூர் வாரி, புதுசா வடிகால் வெட்டி, தண்ணியக் கழுவெளி ஏரி பக்கம் அனுப்பப் போறோம். அதுக்கு வெள்ளம் எதுவரைக்கும் ஏறுதுன்னு எங்களுக்குச் சரியாத் தெரியணும். நீங்க காட்டற எடத்துலதான் மார்க் போட்டு லெவல் எடுப்போம்."

காலனி தலையாட்டியது. ஒருவரும் நம்பவில்லை. கணக்கெடுக்க வருகிற எவர்தான் முதலில் இது கணக்கு இல்லை என்று சொல்லாமல் இருந்தார்? பச்சைமுத்து, அவனுக்கும் பள்ளத்தில் கால் காணி உண்டு, சவுரியம்மாளின் காதருகே குனிந்து, "யக்கா, எப்பவும் போலத்தானே?" என்றான். அவள் கண்ணாலேயே ஆமாம் என்றாள்.

"நீங்க வாங்கம்மா. நீங்கதான் பெரியவங்க, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சின்னு காட்டுங்க" என்று இளவரசி கூப்பிட்டாள். சவுரியம்மாள் போய்க் குருசடிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கையைத் தன் கழுத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கழுத்து வரைக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல."

"நான் இன்னாத்துக்கு மேடம் பொய் சொல்லப் போறேன்? அந்தோணியாரு பாத்துக்கினுதான இருக்காரு?"

ஒரு ஆள் அவள் கைக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டான். அப்புறம் மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள், கரன்ட் கம்பத்துக்குப் போனார்கள். பச்சைமுத்து காட்டினான், இன்னும் பலர் காட்டினார்கள். எல்லாக் கையும் ஒரே உயரத்தில் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தபோது மூன்று இடமும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியது. இளவரசிக்கே ஆச்சரியம். இத்தனை பேர் சேர்ந்து சொல்கிற பொய் இப்படித்தான் இருக்கும், உண்மைகூட இவ்வளவு ஒற்றுமையாக இருக்காது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஆடி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திட்டத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். முன் பெஞ்சில் மேட்டு நிலத்துக்காரர்கள், அவர்களில் பெரிய காணிக்காரர் சீனுவாசன். பின்னால் தரையில் காலனி ஆட்கள். சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. ஓடை, புதிய வடிகால், கழனிகள் எல்லாம் கலர் கலராக. வடிகால் மேட்டுக் கழனிகளின் ஓரமாகவே வளைந்து போய்க் கீழே ஓடையில் சேர்ந்தது. பள்ளத்து வெளி முழுக்க நீல கலர்.

சவுரியம்மாள் எழுந்தாள். "மேடம், எங்க நெலத்துல வாய்க்காலே காணமே. நீலமா பூசிக்கினு கீறீங்க, அது இன்னாது?"

இளவரசிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னாள். "அது வெள்ளத் தண்ணி தங்கற எடம்மா. கழுத்தளவு நிக்குதுன்னா அது உங்க பள்ளத்துல பெய்ஞ்ச மழைத் தண்ணி மட்டும் இல்ல. ஓடைத் தண்ணியே கரையத் தாண்டித் திரும்பி ஏறுதுன்னு அர்த்தம். அங்க வாய்க்கா வெட்டினா, அதே வாய்க்கா வழியா இன்னும் ஜல்தியா உள்ள வரும். அதனால மேட்டுத் தண்ணிய ஓரமா சுத்தி எடுத்துக்கினு போறோம். மழை மிஞ்சினா கொஞ்ச நாள் பள்ளத்துல தேக்கி வெச்சித்தான் விட முடியும்."

"இடுப்பளவுன்னா?"

"இடுப்பளவுன்னா அது வடிய வழியில்லாத வெறும் மழைத் தண்ணிம்மா. நேரா உங்க நிலத்து நடுவுலயே வாய்க்கா வெட்டி வுட்டிருப்போம். சம்பாவே போடலாம்."

சவுரியம்மாள் உட்காரவில்லை. சுற்றி எல்லோரும் என்னவோ பேசினார்கள். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், நிலம் உங்களுடையதுதான் என்று பதில் வந்தது. காலனி ஆட்களுக்கு அதைக் கேட்டதும் நிம்மதி. பட்டா இருக்கிறதல்லவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடாவது வந்திருக்கும், இது எடுக்காமலே எடுப்பது என்று புரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

"மேடம்," என்றாள். "நான் பொய் சொன்னேன். தண்ணி இடுப்புதான் நின்னுச்சி. கழுத்து இல்ல. நான்தான் எல்லாரையும் அப்படிக் காட்டச் சொன்னேன். அந்தோணியாரு மேல சத்தியமா இடுப்புதான்."

காலனி ஆட்கள் மனசில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு நிவாரணம் அந்தக் கழுத்துக் கணக்கில் வந்தது. திருப்பிக் கேட்பார்களோ? கேஸ் போடுவார்களோ? பச்சைமுத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். "உக்காருக்கா. பைத்தியம் புடிச்சிடுச்சா ஒனக்கு? மேடம், அதுக்கு வயசாயிடுச்சி, ஞாபகம் இல்லாம பேசுது."

"எனக்கா ஞாபகம் இல்ல? நீதான்டா எப்பவும் போலத்தானேன்னு கேட்ட!"

"நான் இன்னா கேட்டேன்? கழுத்து வரைக்கும்தான் நின்னுச்சி. என் பொண்டாட்டியக் கேளு."

சீனுவாசன் முன் பெஞ்சிலிருந்து திரும்பினார். அவர் முகத்தில் கோபம் எல்லாம் இல்லை, நல்ல சிரிப்புதான். "சவுரி, ஊரே சேந்து காட்டின அளவு. இப்போ நீ மட்டும் மாத்தினா எப்படி? மேடத்துக்கு வேற வேல இல்லியா?" மேட்டு நிலத்துக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு வடிகால் அவர்கள் ஓரமாகவே வருகிறது, அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

இளவரசி மட்டும் அவளை விடவில்லை. கூட்டம் முடிந்ததும் குருசடிக்கே கூட்டிக்கொண்டு போனாள். "கோடு இருந்திருக்கும் இல்லம்மா? சேத்துத் தண்ணி நின்னா செவுத்துல கோடு படியுமே. அதக் காட்டுங்க, நான் மறுபடியும் லெவல் எடுக்கறேன், மேல பேசறேன்." சவுரியம்மாள் மண்டியிட்டு அரிவாள் முனையால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டினாள். சிமென்ட் வந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. சாமிக்கென்று அத்தனை சுத்தமாகத் தேய்த்திருந்தார்கள். குருசடியை அசிங்கம் பண்ணிவிட்டாள் என்று அதற்கும் பின்னால் திட்டு வாங்கினாள்.

"அம்மா, உங்க வாய்ச்சொல்ல நம்பித்தான் எழுதினேன்," என்றாள் இளவரசி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "இப்போ உங்க ஒருத்தர் வாய்ச்சொல்ல வெச்சி மாத்தணும்னு நான் சொன்னா, மேல என்னையத்தான் கேள்வி கேப்பாங்க. பள்ளத்துல நெலம் இருக்கற மத்தவங்களும் வந்து சொல்லட்டும், அது போதும்."

சவுரியம்மாள் வீடு வீடாகப் போனாள். எந்த வீடுகளில் போய்க் கழுத்து என்று சொல்லச் சொன்னாளோ அதே வீடுகள். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் காபி கொடுத்து, "இன்னாத்துக்கு யக்கா பேஜாரு?" என்று அனுப்பிவைத்தார்கள். தண்ணீர் தங்குகிற நிலத்துக்கு வருஷா வருஷம் அரசாங்கம் பணம் கொடுக்கப் போகிறது என்று எங்கிருந்தோ ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. ஒருவரும் வரவில்லை.

மரிய அருணிடம் போனில் சொன்னபோது அவன், "பொய் சொன்னது சொன்ன. அத ஏம்மா எழுந்து நின்னு சொன்ன? இப்போ நெலமும் இல்ல, ஊரும் இல்ல" என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அந்த வருஷ நடவிலிருந்தே பெண்கள் பச்சைமுத்துவின் மனைவி பின்னால் போக ஆரம்பித்துவிட்டார்கள். சவுரியம்மாள் வாயைத் திறந்தால் எதை உளறுவாளோ என்று பயம். அவளும் பச்சைமுத்து மனைவியின் கீழேயே ஒரு ஆளாகப் போய் நட்டாள். சோறு வேண்டுமே.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த கோடையில் பொக்லைன் வந்தது. வேலையைக் குறை சொல்ல முடியாது. வடிகால் நேர்த்தியாக வந்தது, கரை கட்டினார்கள், மதகு வைத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது மேட்டுக் கழனிகளில் தண்ணீர் நிற்கவே இல்லை. சீனுவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று எல்லோருக்கும் காட்டினார். வடிகாலில் கொள்ளாத தண்ணீர் மொத்தமும், படத்தில் போட்டிருந்தபடியே, பள்ளத்து வெளிக்குத் திரும்பியது. கரை கட்டியிருந்ததால் ஓடைப் பக்கமும் போக வழியில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது, தண்ணீர் அசையவில்லை. நவரைக்கு உழ வேண்டிய நிலத்தில் தாமரைக் கொடி படர ஆரம்பித்தது. பணம் கொடுப்பார்கள் என்ற பேச்சும் அதோடு அடங்கிப்போனது. பச்சைமுத்து இப்போது அவளைப் பார்த்தால் வேறு தெருவில் போகிறான். அவனுடைய கால் காணியும் அங்கேதான் கிடக்கிறது.

தை மாதம் சீனுவாசன் கழனியில் நவரை நடவு. சவுரியம்மாள் வரிசையின் ஓரத்தில் நட்டுக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிந்து, ஊர் ஊராக வாத்து மேய்க்கிறவர்கள் வருகிற காலம். ஆந்திரா பக்கத்து ஆள் ஒருவன், நீளமான கழியோடு, ஒரு பெரிய வாத்துக் கூட்டத்தைப் புது வடிகால் கரைமேல் ஓட்டிக்கொண்டு வந்தான். பள்ளத்து வெளியைப் பார்த்துவிட்டு அவன் முகம் மலர்ந்துவிட்டது. நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "இந்த ஏரி யாருதும்மா? பஞ்சாயத்துல கேக்கணுமா?" என்று கத்தினான்.

குனிந்தபடியே ஒருத்தி சவுரியம்மாள் பக்கம் கையைக் காட்டினாள்.

அவன் வரப்பு வழியாக வந்து மரியாதையாகவே கேட்டான். "உங்க ஏரியாம்மா? வாத்து வுடலாமா?"

ஏரி இல்லை, நிலம் என்று சொல்லச் சவுரியம்மாளுக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அரைக் காணி, அவளும் புருஷனும் வாங்கியது, பட்டா வீட்டில் பெட்டியில் இருக்கிறது. கண்முன்னால் தண்ணீர் பெருமுக்கல் மலை வரைக்கும் பளபளவென்று கிடந்தது. சொன்னால் இந்த மனுஷன் நம்புவானா? ஊரே நம்பவில்லை. இத்தனை பெண்கள் நடுவில் ஓவென்று அழுதுவிடுவோமோ என்று பயந்துபோனாள்.

"என்னுதுதான் தம்பி," என்றாள். "வுட்டுக்கோ."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாத்துகளை இறக்கினான். அவள் இடது கையில் நாற்று முடியை எடுத்துக்கொண்டு, சீனுவாசன் கழனியில் குனிந்து, விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள்.